சலங்கைக்கு முன்னால் தரை

பரதநாட்டிய வகுப்பில் சேர்த்த மூன்றாம் மாதமே, "சலங்கை எப்போ கட்டுவீங்க டீச்சர்?" என்று கேட்காத தாய் இல்லை. வாழ்நாள் முழுக்க ஆடி, ஆட வைத்தவர்களின் கவலையோ தரையைப் பற்றியது.

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் வகுப்புக்குக் கிடைப்பது பள்ளிக்கூட ஹாலோ மொட்டை மாடியோதான். சிமெண்டுத் தரை அடியை வாங்கிக்கொள்ளாது. தட்டின வேகம் கணைக்காலுக்கே திரும்பும். அங்கே எலும்பு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதைச் சோம்பல் என்று அதட்டக் கூடாது. வலி அடங்கும்வரை, குதித்துக் குதிகாலைத் தட்டும் குதித்துமெட்டடவை நிறுத்திவிட்டு, உட்காரவைத்து முத்திரையும் (கை அடையாளங்கள்) சொல்லுக்கட்டும் (அடவுக்கான தாளச் சொற்கள்) நடத்தலாம். டைல்ஸ் தரையில் வேறு தொல்லை. உப்புக்காற்றின் ஈரம் படிந்து பாதம் வழுக்கும். நனைந்த துணியால் துடைத்த பிறகு காய்ந்த துணியாலும் ஒருமுறை துடைக்க வேண்டும்.

முட்டியை மடக்கிப் பக்கவாட்டில் விரித்துப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டிதான் அஸ்திவாரம். கால் இடுப்பிலிருந்து விரிய வேண்டும். இடுப்பு விரியாத பிள்ளை பாதத்தை மட்டும் பக்கவாட்டில் திருப்பிவிடும். முட்டி முன்னாலேயே நிற்கும். முட்டியின் உட்புற வலி இப்படித்தான் ஆரம்பிக்கிறது. எதிரே உட்கார்ந்து பார்த்தால் முட்டி, கால்விரல்களுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதத்தின் விரிப்பைக் குறையுங்கள். பார்க்க அழகு கொஞ்சம் குறையும், பரவாயில்லை. பின்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால் இடுப்புவலி வரும். சுவரில் முதுகை ஒட்டி இறங்கச் சொன்னால் தானே சரியாகும்.

பாதத்தைத் தட்டிப் பழகும் முதல் அடவான தட்டடவில், 'தெய்யா தெய்' என்ற சொல்லுக்கு, ஆதி தாளத்தின் ஒரு ஆவர்த்தனத்துக்கு (எட்டு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) முதல் காலத்தில் (வேகத்தில்) 8 தட்டு, இரண்டாம் காலத்தில் 16, மூன்றாம் காலத்தில் 32. மூன்றாம் காலத்தில்தான் குட்டு வெளிப்படும்: உடம்பு மேலே எழும்பும், கால் அரைகுறையாகத் தூக்கும், முழுப்பாதம் விழாமல் நுனி மட்டும் தட்டும். கண்ணை மூடினாலும் காதுக்குத் தெரிந்துவிடும். உடனே இரண்டாம் காலத்துக்கு இறக்கிவிட வேண்டும்.

மார்கழியில் உத்தரகோசமங்கை மரகத நடராஜருக்குச் சந்தனக்காப்பு களையும் ஆருத்ரா தரிசனத்தையொட்டி, பிள்ளையை மேடையேற்ற எல்லோருக்கும் ஆசை. அதற்காக அடவைப் பாதியில் விட்டுப் பாட்டுக்குத் தாவுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

சலங்கை கட்டும்போது காலுக்கு 25 மணி போதும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல்பட்டை பூசணம் பூக்கும். மணிக்குள் இருக்கும் இரும்புக் குண்டு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் சத்தமே எழாது. வியர்வையோடு பிளாஸ்டிக் பையில் போடாமல், துடைத்து, நிழலில் காயவைத்துத் துணிப்பையில் வைக்க வேண்டும்.

வயதான ஆசிரியருக்கு முட்டிக்கு அடுத்து தேய்வது தோள்தான். தாளம் போடும் தட்டுக்கழியை இறுக்கிப் பிடித்து முழுக்கையால் ஓங்கித் தட்டுவதே காரணம். தளர்வாகப் பிடித்து மணிக்கட்டால் தட்டினாலே, கழி விழும் மரக்கட்டையான தட்டுமனை கணீரென்று பேசும்.