மணியைப் பார்க்காதீர்கள், சோமைட்டை எண்ணுங்கள்

கோழிக்கருவில் எஸ்1பி (ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட்) என்னும் கொழுப்புச் சமிக்ஞையைப் பிடிக்கும் ஏற்பிகளின் மரபணுக்கள் எந்தக் கட்டத்தில் விழித்துக்கொள்கின்றன என்று பார்க்க எட்டு மாதம் ஆயிற்று. அதில் மூன்று மாதம் வீண். டெல்டா பக்கம் இந்த வேலையில் இறங்குகிறவர்களாவது தப்பிக்கட்டும்.

கடை முட்டை ஆகாது, சேவல் மிதித்த முட்டைதான் வேண்டும். அம்மாபேட்டை தாண்டி ஒரு கிராமத்தில் நாட்டுக்கோழி வளர்க்கும் அக்காவிடம் வாங்கி, தவிட்டில் புதைத்து, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு தஞ்சாவூர் வருவேன். 38 டிகிரியில் 33 மணி நேரம் வைத்தால் கோழிக்கரு வளர்ச்சியைக் கட்டங்களாகப் பிரிக்கும் ஹாம்பர்கர்-ஹாமில்டன் அட்டவணைப்படி 10ஆம் கட்டம். 10 ஜோடி சோமைட் (பின்னால் முதுகெலும்பும் தசையும் ஆகப்போகும் திசுக்கட்டிகள்) தெரியவேண்டும். சித்திரையில் உடைத்த முதல் முட்டையில் 14. அடுத்ததில் 11. மூன்றாவதில் 17. இன்குபேட்டர்மேல் பழியைப் போட்டு, தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி இரண்டு வாரம் போனது.

கடைசியில் அக்காவிடமே போய்க் கேட்டேன். "நாளுக்கு ஒண்ணு ரெண்டுதானே தம்பி கிடைக்கும்? சேருற வரைக்கும் கூடையிலதான் கெடக்கும். ராத்திரி அடைக்கோழி அதுமேல ஏறி உக்காந்துக்கும்" என்றார். அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கோழியில் ஒரு ஜோடி சோமைட் உருவாகச் சுமார் 90 நிமிடம். 14 ஜோடி என்றால் அடைக்கோழியின் சூட்டிலேயே அந்தக் கரு ஆறு மணி நேரம் முன்னே ஓடியிருக்கிறது! இப்போது அன்றன்றைய முட்டையை ஈர மணலில் பதித்த மண்பானையில் போட்டுவைக்கிறார். நானும் மணிக்கணக்கை விட்டுவிட்டு, ஒவ்வொரு கருவையும் மைக்ராஸ்கோப்பில் எண்ணிய பிறகே குழாயில் போடுகிறேன்.

அடுத்த அடி இதைவிட வலித்தது. ஆர்டி-பிசிஆர் என்பது ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுத்துப் பெருக்கி, மரபணு விழித்திருக்கிறதா என்று ஜெல்லில் பேண்டாக (கோடாக)ப் பார்க்கும் முறை. அதில் எல்லாக் கட்டத்திலும் அழகான பேண்ட். ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை. "ஆர்டி என்சைம் போடாத கன்ட்ரோல் எங்கே?" என்று கைடு கேட்டார். நகலெடுக்கும் அந்த என்சைம் இல்லாவிட்டால் பேண்டே வரக்கூடாது. ஓட்டிப் பார்த்தால் அதிலும் அதே பேண்ட். இந்த ஏற்பிகளின் புரதக் குறியீட்டுப் பகுதி முழுவதும் ஒரே எக்ஸானில் (ஆர்என்ஏவில் தங்கும் துண்டில்) இருக்கிறது. நடுவில் இன்ட்ரான் (வெட்டி நீக்கப்படும் துண்டு) கிடையாது. ஆர்என்ஏவோடு ஒட்டிவந்த டிஎன்ஏவும் அதே அளவு பேண்டைத்தான் கொடுக்கும், அந்தப் பகுதிக்குள் ஒட்டும் பிரைமரை (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டை) வைத்துப் பிரித்தறிய வழியில்லை. டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் என்சைம் போடாமல் இந்த மரபணுக்களைத் தொடவே தொடாதீர்கள். என் பழைய ஜெல் படங்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின.

ஜீப்ரா மீனில் இந்தக் குடும்பத்து ஏற்பி ஒன்று பழுதானால், இரு பக்கத்து இதயச் செல்களும் நடுவில் வந்து சேராமல் இரண்டு இதயமாக நின்றுவிடும் என்று 2000இலேயே காட்டியிருக்கிறார்கள். அதைப் படித்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன். அதனால் விட்டுவிட மனம் வரவில்லை.

ஆர்என்ஏ இருக்கும் இடத்தைக் கருவிலேயே நிறமாகக் காட்டும் இன் சிட்டு முறை மட்டும் முதல் தடவையே கைகொடுத்தது. போன வியாழன் ராத்திரி, எஸ்1பி ஏற்பிகளில் ஒன்றான எஸ்1பிஆர்1-இன் ஆர்என்ஏவில் ஒட்டும் ப்ரோப் போட்ட கருவில் ரத்தக்குழாய் ஓரமாக ஊதா நிறம் மெல்ல ஏறியது. பக்கத்துக் கிண்ணத்தில் அதில் ஒட்டாத சென்ஸ் ப்ரோப்பை ஒப்பீட்டுக்காகப் போட்ட கரு, கடைசிவரை வெளுப்பாகவே இருந்தது.