கேபிளைப் பிடுங்கிச் சோதித்த இரவு

பாளையங்கோட்டையில் நான் பணிபுரியும் மருத்துவமனையில், ஐப்பசி மழை கொட்டிய ஒரு காலையில் பதிவு மேசையும் மருந்தகமும் ஆய்வகமும் ஒருசேர முடங்கின. காரணம், எல்லா மாடிகளின் கணினி வலையமைப்பையும் இணைக்கும் மையப் பெட்டியான ஒரேயொரு கோர் சுவிட்ச் பழுதானதுதான். மாற்றுப் பெட்டி மதுரையிலிருந்து வந்து சேரும்வரை எல்லாவற்றையும் தாளில் எழுதி ஓட்டினோம். இரண்டாவது கோர் சுவிட்ச் வாங்க நிர்வாகம் அதன் பிறகே சம்மதித்தது.

இரு கோர் சுவிட்சுகளையும் இரண்டு கேபிள்களால் இணைத்து, பல கேபிள்களை ஒரே இணைப்பாக நடத்தும் எல்ஏசிபி மூலம் ஒன்றாகக் கட்டினேன். ஒவ்வொரு மாடியின் சுவிட்சிலிருந்தும் இரண்டுக்கும் ஒவ்வொரு கேபிள் போனது. இப்படி இழுத்தால் தரவு முடிவின்றிச் சுற்றும் லூப் உண்டாகும் என்பதால், உபரிப் பாதையை அடைத்துவைக்கும் வேலையை ஆர்எஸ்டிபி என்ற நெறிமுறை பார்த்துக்கொள்கிறது. அதில் கைவைக்கும் முன் ரூட் பிரிட்ஜ், அதாவது இந்த ஏற்பாட்டின் தலைமைச் சுவிட்ச், எது என்று பார்த்தபோது திகைத்துப்போனேன்: மருந்துக் கிடங்கின் அலமாரி மேல் தூசி படிந்து கிடந்த பழைய சுவிட்ச்! எல்லாச் சுவிட்சுகளிலும் முன்னுரிமை எண் 32768 என்றே விடப்பட்டிருந்ததால், மேக் முகவரி (வன்பொருள் அடையாள எண்) மிகச் சிறியதாக இருந்த அதற்கே தலைமை போயிருக்கிறது. இதில் சிறிய எண்ணுக்கே தலைமை என்பதால், முதல் கோர் சுவிட்சுக்கு 4096, இரண்டாவதற்கு 8192 என்று கொடுத்ததும் அது சரியானது.

கணினிகள் வெளியே போகும் வாசலான கேட்வேயின் முகவரியை, ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்க வைக்கும் விஆர்ஆர்பி வழியாக இரண்டுக்கும் பொதுவாக்கி, இதில் பெரிய எண்ணுக்கே தலைமை என்பதால் முதலாவதற்கு முன்னுரிமை 110 கொடுத்து, இரண்டாவதை இயல்பான 100-இலேயே விட்டேன். ரூட்டாக இருக்கும் சுவிட்சே கேட்வேயாகவும் இருந்தால்தான் போக்குவரத்து வீணாகச் சுற்றாது.

முன்னனுமதி பெற்று, சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல், மடிக்கணினியில், பதில் வருகிறதா என்று விடாமல் கேட்டுப் பார்க்கும் பிங் ஓடிக்கொண்டிருக்க முதல் சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்தினேன். நான்கு பதில்கள் தவறி, ஐந்தாவது வந்தது. அந்த மகிழ்ச்சியில் வீட்டுக்குக் கிளம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன். சுவிட்சை மீண்டும் இயக்கி, வெளி வலையமைப்புக்குப் போகும் வழியில் காவலிருக்கும் ஃபயர்வாலுக்குச் செல்லும் கேபிளை மட்டும் பிடுங்கியபோது பிங் நின்றது நின்றதுதான். சுவிட்ச் உயிரோடு இருப்பதால் 'நானே தலைவன்' என்று விநாடிக்கொரு முறை அறிவித்துக்கொண்டிருந்தது. இரண்டாவதும் அதை நம்பி ஒதுங்கியே நின்றது. வெளியே போக வழியில்லாத சுவிட்சுக்குக் கணினிகள் தொடர்ந்து தரவை அனுப்பிக்கொண்டிருந்தன. அந்த போர்ட்டைக் கண்காணித்து, அது விழுந்தால் முன்னுரிமையில் 20 குறையும்படி அமைத்தேன். 110 என்பது 90 ஆனதும், சுமார் மூன்றரை விநாடியில் இரண்டாவது சுவிட்ச் பொறுப்பேற்றது.

உடனிருந்த எலக்ட்ரீசியன் அண்ணாச்சி, ராக்கின் பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு பெட்டிக்கும் ஒரே யூபிஎஸ்லருந்துதான கரண்டு போவுது தம்பி?" என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப்போயிற்று. ஆய்வகத்தின் யூபிஎஸ்ஸிலிருந்து அவர் தனி வயர் இழுத்து முடித்தபோது மணி இரண்டரை. பிறகு பழைய யூபிஎஸ்ஸை முழுவதும் அணைத்துப் பார்த்தோம். அப்போதும் தவறியவை நான்கு பதில்களே.