கலிஃபோர்னியாவின் பத்துக் கேள்விகளும் என் முதல் வாக்கும்

குடியுரிமை கிடைத்தபின் நான் முதன்முதலாக வாக்களித்தது 2024 நவம்பர் தேர்தலில். அதிபர் தேர்வில் எங்கள் வீட்டில் குழப்பமே இல்லை. திணறடித்தவை அதே வாக்குச்சீட்டில் இருந்த பத்து மாநில முன்மொழிவுகள். ஊரில் ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு நம் வேலை முடிந்துவிடும். சட்டத்தைச் சட்டமன்றம் பார்த்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவிலோ 1911 முதல் வாக்காளர்களே சட்டம் இயற்றலாம். குறைந்தபட்ச ஊதியம், வீட்டு வாடகை, திருட்டுக்கான தண்டனை என ஒவ்வொன்றுக்கும் 'ஆம்' அல்லது 'இல்லை' என்று நான்தான் சொல்ல வேண்டும்.

தபாலில் ஒரு வாக்காளர் கையேடு வரும். அதன் முதல் பக்கங்களில் உள்ள சுருக்கத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது உள்ளே இருக்கும் சட்டமன்றப் பகுப்பாய்வாளரின் பகுதி. எந்தக் கட்சியையும் சாராத அந்த அலுவலகம், இன்றைய சட்டம் என்ன, 'ஆம்' வென்றால் எது மாறும், செலவு யார் தலையில் விழும் என்று நிதானமாகச் சொல்கிறது. பள்ளிக் கட்டடங்களுக்கு 1000 கோடி டாலர் கடன் வாங்க அனுமதி கேட்டது 2-ஆம் முன்மொழிவு. பள்ளிக்கூடத்துக்கு என்றால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டாலர் வீதம் 35 ஆண்டுகள் அடைக்க வேண்டிய கடன் அது என்பதைப் படித்துவிட்டு, தெரிந்தே 'ஆம்' என்றேன்.

நான் அதிக நேரம் செலவிட்டது 34-ஆம் முன்மொழிவில். 'சில' மருத்துவச் சேவை அமைப்புகள் சலுகை விலை மருந்துகளால் ஈட்டும் வருவாயில் 98 விழுக்காட்டை நோயாளிகளின் நேரடிச் சிகிச்சைக்கே செலவிட வேண்டும் என்றது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யார் அந்தச் 'சில' என்று தேடினேன். சிகிச்சை அல்லாதவற்றுக்குப் பத்தாண்டுகளில் 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டிருக்க வேண்டும். கடுமையான விதிமீறல்கள் குறைந்தது 500 பதிவான அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் நடத்தியிருக்க வேண்டும். ஓர் ஆளின் அளவெடுத்துத் தைத்த சட்டை இது. பணம் போட்டது யார் என்று பார்த்ததும் மீதியும் புரிந்தது. இதற்குப் பின்னால் இருந்தது வீட்டு உரிமையாளர்களின் சங்கமான கலிஃபோர்னியா அபார்ட்மெண்ட் அசோசியேஷன். குறி, எய்ட்ஸ் ஹெல்த்கேர் ஃபவுண்டேஷன். அந்த அமைப்புதான் வாடகைக் கட்டுப்பாடு கோரும் 33-ஆம் முன்மொழிவுக்குப் பணம் கொடுத்தது; 2018-லும் 2020-லும் இதே முயற்சியைச் செய்து தோற்றிருந்தது. அந்த அமைப்பின் மீது எனக்குப் பெரிய மரியாதை எதுவும் இல்லை. ஆனாலும் ஒரே ஒருவரின் வாயை அடைக்க மாநிலச் சட்டத்தைப் பயன்படுத்துவது தவறு என்று 'இல்லை' போட்டேன். 34 நூலிழையில் வென்றுவிட்டது, 33 தோற்றது. 33-இல் நானும் கணவரும் எதிரெதிராக வாக்களித்தோம். நாங்கள் வாடகை வீட்டில் இருப்பவர்கள்தான். கட்டுப்பாடு வந்தால் புதிய வீடுகள் கட்டுவது குறையும் என்பது அவர் வாதம்.

இன்றும் என்னை உறுத்துவது 6-ஆம் முன்மொழிவு. சிறைக்கைதிகளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க மாநில அரசியல் சாசனம் தரும் அனுமதியை நீக்கக் கோரியது அது. கையேட்டில் அதற்கு எதிராக ஒருவர்கூட வாதம் எழுதித் தரவில்லை. அதனால் எளிதில் வென்றுவிடும் என்று நம்பினேன். தோற்றது. அதே நாளில் பக்கத்து மாநிலமான நெவாடாவில் இதேபோன்ற கேள்வி வென்றது. அங்கே வாக்குச்சீட்டிலேயே 'அடிமைமுறை' என்ற சொல் இருந்தது. எங்கள் சீட்டில் இல்லை. கடைசி நிமிடத்தில் தலைப்பை மட்டும் பார்த்துக் குறிப்பவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அந்த ஒரு சொல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வாக்குச்சீட்டை உறையிலிட்டு, உறையின் மேல் கையெழுத்துப் போட்டு, நூலகத்துக்கு வெளியே இருந்த பெட்டியில் சேர்த்தோம். அந்தக் கையெழுத்து பதிவேட்டில் உள்ளதோடு பொருந்த வேண்டும் என்பதால் நிதானமாகப் போடுங்கள்.

33, 34 போன்றவை வாக்குச்சீட்டுக்கு வரவே ஐந்தரை லட்சம் வாக்காளர்களின் கையெழுத்து வேண்டியிருந்தது. மளிகைக் கடை வாசலில் அட்டையை நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்கள் அதற்காகத்தான் நிற்கிறார்கள். அதிகப் பணம் கொடுத்தவர்களின் பட்டியலையும் அவர்கள் காட்டியாக வேண்டும் என்பது இங்கே சட்டம். நான் முதலில் அதைத்தான் கேட்கிறேன்.