தென்னந்தோப்பைத் தாண்டாத நெட்

வீட்டுக்கும் நான் உட்கார்ந்து வேலை பார்க்கிற அறைக்கும் நடுவில் 70 மீட்டர் தென்னந்தோப்பு. ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிறது. சென்னையிலிருந்து வருகிற நண்பர்கள் "இதல்லவாடா ஆபீஸ்" என்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். எடுத்த படத்தை அங்கிருந்தே ஸ்டேட்டஸில் போட முயற்சி பண்ணும்போதுதான் அவர்கள் முகம் மாறும்.

அந்த அறை முன்னே தேங்காய் போட்டு வைத்த கொட்டகை. அங்கே குடியேறக் காரணம் இருக்கிறது. வேலை அமெரிக்கக் கம்பெனிக்கு, அவர்களுக்குக் காலை என்றால் எனக்கு ராத்திரி. அந்த நேரத்தில் எங்கள் ஹாலில் சீரியல் ஓடும், அதற்கு மேலே சித்தப்பா போனில் பேசுவார் (அவர் போனை வைத்துவிட்டுப் பேசினாலும் மண்டபம் வரை கேட்கும்), அதற்கும் மேலே அப்பத்தா சீரியல் வில்லியைத் திட்டிக்கொண்டிருக்கும். ஒரு மீட்டிங்கில் மேனேஜர், அங்கே யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று அக்கறையாகக் கேட்டார். வில்லிக்குத்தான் என்று எப்படிச் சொல்வது?

சரி, கொட்டகைக்குப் போயாச்சு. வைஃபை என்கூட வரவில்லை. வீடு பழைய சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். கொட்டகைக்குத் தகரக் கூரை. 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் திண்ணையைத் தாண்டவே யோசிக்கும், 2.4 கொஞ்சம் தைரியசாலி, இரண்டாவது தென்னை வரை வந்துவிட்டு நின்றுகொள்ளும். மொபைல் ஹாட்ஸ்பாட் பகலில் ஓடும், சாயங்காலம் ஊரே ரீல்ஸ் பார்க்க உட்கார்ந்ததும் படுத்துவிடும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவராவது எட்டிப்பார்த்து வரவேற்புச் செய்தி அனுப்பும், எங்களுக்கு அந்த மரியாதையும் கிடையாது.

திண்ணையில் ரிப்பீட்டர் வைத்துப் பார்த்தேன். கொட்டகையில் கோடு முழுசாகக் காட்டியது, நெட் மட்டும் இல்லை. ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பிக் கொடுக்கிற டப்பா அது, வருகிற வேகத்தில் பாதியை அதுவே தின்றுவிடும்.

அப்புறம்தான் கேபிள் அண்ணன் வந்தார். எங்கள் ஏரியாவுக்கு டிவி, நெட், சில கல்யாணப் பேச்சுவார்த்தை எல்லாம் அவர் மூலமாகத்தான் நடக்கும். "லேன் கேபிளுக்கு நூறு மீட்டர் வரைக்கும் பிரச்சினை இல்ல தம்பி, நமக்கு வளைஞ்சு நெளிஞ்சு போனாலும் எம்பத்தஞ்சுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார். மரத்தில் ஆணி அடித்தால் காய்ப்பு குறையும் என்று அப்பத்தா குறுக்கே வந்து நின்றதால், வலை கட்டுகிற நைலான் கயிற்றால் மரத்துக்கு மரம் கட்டிக் கொண்டுபோனோம். அன்றைக்கு ராத்திரி நெட் பறந்தது. நானும்தான்.

இந்தச் சீமையில் அணிலைப் பற்றித் தப்பாகப் பேசக்கூடாது. சேதுவுக்கு மணல் சுமந்த வம்சம், முதுகில் ராமர் தடவிக்கொடுத்த கோடு இருக்கிறது. ஆனால் தீவை இணைத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டதோ என்னவோ, அதன் பேரப்பிள்ளைகள் இப்போது துண்டிக்கிற வேலையில் இறங்கிவிட்டன. அதில் ஒன்று கேபிளின் மேலுறையைக் கடித்து, உள்ளே இருந்த நாலு ஜோடிக் கம்பியில் ஒரு ஜோடியை மட்டும் ரசித்து அறுத்திருந்தது. நெட் நிற்கவில்லை, 1000 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது 100-க்கு இறங்கிவிட்டது. முழுசாக நின்றிருந்தால் உடனே தெரிந்திருக்கும், இப்படிப் பாதி உயிரோடு இருந்ததால் கம்ப்யூட்டர், ரூட்டர், கடைசியில் மேனேஜர் வரை எல்லாரையும் சந்தேகப்பட்ட பிறகுதான் மரத்தை அண்ணாந்து பார்க்கத் தோன்றியது.

அணில் போதாதென்று உப்புக்காற்று. கேபிள் முனையில் இருக்கிற கிளிப்பைக் கழற்றினால் பின்கள் பச்சை பிடித்திருக்கும். கழற்று, வெட்டு, புதுக் கிளிப்பை வைத்து அழுத்திக் கிரிம்ப் பண்ணு. ஒவ்வொரு தடவையும் கேபிள் கொஞ்சம் குட்டையாகும், நான் மேஜையை ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்துவேன். ஐப்பசி பிறந்து இடி மழை வந்ததும் அந்தக் கவலையும் தீர்ந்தது. இடி எங்கள் தோப்பில் விழக்கூட இல்லை, எங்கோ வெளியே விழுந்தது. வெளியில் நீளமாகக் கிடக்கிற செம்புக்கம்பியில் பக்கத்து மின்னலே மின்சாரத்தைத் தூண்டிவிடுமாம். ரூட்டரில் அந்த போர்ட் போச்சு, கொட்டகையில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்சும் போச்சு. கேபிள் அண்ணன் கருகின டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, "செம்ப வெளிய காயப்போட்டா இப்டித்தான் தம்பி" என்றார், அன்றைக்கு வேறு யாரோ வந்து காயப்போட்டுவிட்டுப் போன மாதிரி.

கம்பியே வேண்டாம் என்று ஆன்லைனில், நெட்டைக் காற்றிலேயே அனுப்பி வாங்குகிற வெள்ளைத் தட்டு ரேடியோ இரண்டு வாங்கினேன். ஒன்று மொட்டை மாடியில், ஒன்று கொட்டகை மேல், ஒன்றையொன்று பார்த்தபடி. பங்குனி வரை எந்தக் குறையும் சொல்ல முடியாது. அப்புறம் மேற்கே இருந்து வீசுகிற கச்சான் காற்று ஆரம்பித்தது.

கச்சான் வீசினால் இங்கே கடலுக்குப் போகிறவர்களே யோசிப்பார்கள், வெள்ளைத் தட்டு எம்மாத்திரம். இரண்டு தட்டுக்கும் நடுவில் தென்னை மட்டை ஆடும். மட்டை இந்தப் பக்கம் சாய்ந்தால் நான் பேசுவது அமெரிக்காவுக்குக் கேட்கும், அந்தப் பக்கம் சாய்ந்தால் வாயைப் பிளந்தபடி என் முகம் உறைந்து நிற்கும். நான் ஜன்னல் வழியே மட்டையைப் பார்த்துப் பார்த்து, சாய்கிற இடைவெளியில் வாக்கியத்தை முடிக்கக் கற்றுக்கொண்டேன். இப்போதெல்லாம் ரொம்ப ஷார்ட்டாக, கிளியராகப் பேசுகிறாய் என்று மேனேஜர் பாராட்டினார்.

சித்தப்பா மட்டும் மட்டையைக் குற்றம் சொல்ல ஒத்துக்கொள்ளவில்லை. உச்சிப்புளியில் ஐஎன்எஸ் பருந்து, கடற்படை விமானதளம் இருக்கிறதல்லவா, "அவுங்க ரேடார்தான்டா ஒன் நெட்ட அமுக்குது" என்று டீக்கடையிலேயே அறிவித்துவிட்டார். சிரிக்கலாம், ஆனால் முழுக்க உளறல் என்று தள்ளவும் முடியாது. தட்டு பேசுகிற 5 கிகாஹெர்ட்ஸில் சில சேனல்கள் ரேடாருக்கும் பொதுவானவை, அதில் ரேடார் சத்தம் கேட்டால் வைஃபை கருவி தானாக ஒதுங்கிவிடும்படிதான் செய்திருக்கிறார்கள். அதற்காகவே அந்தச் சேனல்களைத் தவிர்த்து வேறு ஒன்றில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். மட்டை ஆடியது, நெட் போனது. கடற்படை நிரபராதி.

வழியில் நிற்கிற இரண்டே இரண்டு மரத்தை எடுத்துவிட்டால் போதும் என்று வாயைத் திறந்தேன். அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே, "மரம் ஒந்தாத்தா வச்சது. ஒன் நெட்டு யாரு வச்சது?" என்றது. பேச்சு அதோடு முடிந்தது.

கடைசியில் ஃபைபர். கேபிள் அண்ணன் மிச்சம் வைத்திருந்த, கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கிற டிராப் கேபிளையே வாங்கிக்கொண்டு, சொட்டுநீருக்குப் போடுகிற கருப்பு ஓஸுக்குள் விட்டு, இரண்டடி ஆழத்தில் புதைத்தோம். கடற்கரை மணல், மண்வெட்டிக்கு வலிக்கவே இல்லை, இந்த ஊரில் இது ஒன்றுதான் என் பக்கம் நின்றது. உள்ளே போவது கண்ணாடி இழை, மின்னல் தூண்டிவிடச் செம்பு இல்லை, உப்பு அரிக்கப் பின் இல்லை, அணில் மண்ணுக்குள் வருவதில்லை. கஷ்டம் இழையை ஒட்டுவதில்தான். இழை, அதைச் சுற்றியிருக்கிற கண்ணாடி உறையோடு சேர்த்தே 125 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), அதிலும் ஒளி போகிற நடுப்பகுதி 9 மைக்ரான், அதைக் காற்றும் மணலும் அடிக்கிற தோப்பில் உட்கார்ந்து ஒட்டினால் உருப்படாது. அதனால் அண்ணன் சித்தப்பா காருக்குள் ஏறி, கண்ணாடியை ஏற்றி, ஏசியையும் நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியோடு ஸ்ப்ளைஸிங் மெஷினைக் கட்டிக்கொண்டு வேர்த்துக் கொட்டினார். தெருப்பிள்ளைகள் வெளியே கூடி நின்று யாருக்கு ஆபரேஷன் என்று கேட்டார்கள்.

இரண்டு முனையிலும் ஒவ்வொரு மீடியா கன்வர்ட்டர், ஒளியை லேன் கேபிளுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுகிற டப்பா. மழை, காற்று, இடி எதற்கும் அசையவில்லை. ஆனால் ராத்திரி ஒன்பதரை ஆனால் நெட் போகும். தினமும், பஞ்சாங்கம் பார்த்த மாதிரி. நான் மண்ணைத் தோண்டிப் பார்க்கவே கிளம்பிவிட்டேன், அம்மாதான் தடுத்தாள். சீரியல் முடிந்ததும் அப்பத்தா ஹால் ஸ்விட்ச் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறது. "அந்த டப்பா சும்மா மினுக்கிக்கிட்டே கெடக்கு, கரண்டு பில்லு யாரு கட்டுறது?" ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டினேன், பிளக்கையே பிடுங்கிவிட்டது.

வீட்டில் அப்பத்தா கை வைக்காத ஸ்விட்ச் ஒன்றே ஒன்றுதான், சாமி படத்துக்கு எரிகிற சிவப்பு பல்பு. கன்வர்ட்டரை அங்கே மாற்றினேன். இப்போது முருகனுக்கும் ஏர்வாடி தர்காவிலிருந்து வந்த பச்சைத் துணிக்கும் நடுவில் அது மினுக்கிக்கொண்டிருக்கிறது, மீட்டிங் ஒன்றுகூட அறுபடவில்லை. வெள்ளிக்கிழமை பார்த்தால் அதன் நெற்றியிலும் சந்தனம், சரியாகக் காற்றுப் போகிற ஓட்டை மேல். துடைக்கப் போனேன். "எடுத்துப் பாரு, ஒன் நெட்டு நிக்கும்" என்றது அப்பத்தா. துடைக்கவில்லை.