மார்ட்டின் பால்சம்: படி ஏறுவதும் ஒரு வேலை

ஹிட்ச்காக் இயக்கிய 'சைக்கோ' (1960) என்றதும் எல்லோரும் குளியலறைக் கொலைக்குப் போய்விடுகிறார்கள். மாடிப்படிக்கு வாருங்கள். துப்பறிவாளர் ஆர்பகாஸ்டாக அமெரிக்க நடிகர் மார்ட்டின் பால்சம் ஏறுகிறார். அவ்வளவுதான் காட்சி.

ஹிட்ச்காக் காய்ச்சலில் படுத்திருந்த நாளில், கைப்பிடியில் நகரும் கை, படியில் வைக்கும் கால் என்று தனித்தனித் துண்டுகளாக எடுத்திருந்தார்கள். போட்டுப் பார்த்தால் உதைத்தது. அப்படி வெட்டி வெட்டிக் காட்டினால், ஏறுகிறவன்தான் ஏதோ தப்புப் பண்ணப் போகிறான் என்று தோன்றிவிடும். எனவே ஒரே ஷாட்டில் சும்மா ஏறவிட்டார். அந்தச் 'சும்மா'வுக்குத்தான் பால்சம் மாதிரி ஆள் தேவை.

உச்சிப்படியில் கேமரா சட்டென்று மேலே போய்விடும். கத்தியோடு பாய்ந்துவரும் ஹோட்டல்காரனின் அம்மாவை முதுகுப் பக்கமாகக் காட்டியிருந்தால், முகத்தை வேண்டுமென்றே மறைக்கிறார்கள் என்று பிடிபட்டிருக்கும். அடுத்த நொடி திரை நிறைய பால்சம் முகம். அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் குழாயில் ரத்தக் கலவை. நூலை இழுத்தால் கோடாக வழியும். விழுவது தனி வேலை. ஆளில்லாமல் கேமராவைப் படிவழியே இறக்கி எடுத்த படத்தைப் பின்திரையில் ஓட்டி, முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பால்சம் கைகளை வீசினார். அதனால்தான் அவர் உருளாமல் மிதப்பது போலத் தெரிகிறது. இன்றைய கண்ணுக்கு ஒட்டுப்போட்டது தெரியும். முகத்தைப் பார்த்தால் மறந்துபோகும்.

1919-ல் நியூயார்க் பிராங்க்ஸில் பிறந்தவர், ஆக்டர்ஸ் ஸ்டூடியோ என்ற நடிப்புப் பட்டறையின் தயாரிப்பு. '12 ஆங்ரி மென்' (1957) படத்தில் ஜூரிகளின் தலைவர் இவர். மற்றவர்கள் கத்த, இவர் ஓட்டு எண்ணுவார். ஒருமுறை சீண்டியதும், தலைவர் நாற்காலியை நீயே வைத்துக்கொள் என்று முறுக்கிக்கொள்வார். படத்தில் அவருக்கு உள்ள கோபம் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் ஆள் முழுசாகத் தெரிந்துவிடும். 'எ தௌசண்ட் க்ளௌன்ஸ்' (1965) ஆஸ்கர் வாங்கித் தந்தது. அதிலும் ஒழுங்காக வேலைக்குப் போகிற அண்ணன் வேடம்தான்.

என் ஓட்டு 'தி டேக்கிங் ஆஃப் பெல்ஹாம் ஒன் டூ த்ரீ' (1974) படத்துக்கு. (முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் நகர்ந்துவிடுங்கள்.) சுரங்க ரயிலைக் கடத்தும் கும்பலில் ஜலதோஷம் பிடித்த மிஸ்டர் கிரீன் இவர். தும்மல் ரேடியோ வழியே, போலீஸ்காரராக வரும் வால்டர் மாத்தாவ் காதில் விழுந்துகொண்டே இருக்கும். கடைசியில் கிரீன் வீட்டுக்கு விசாரிக்க வந்த மாத்தாவும் கூட வந்தவரும் ஒன்றும் கிடைக்காமல் கிளம்பிக் கதவைச் சாத்துகிறார்கள். உள்ளே ஒரு தும்மல். கதவு திரும்பத் திறக்கிறது, மாத்தாவ் முகத்தில் படம் உறைகிறது.