ஞாயிறும் திங்களும்

ஆகஸ்ட் 12, 2023, சனி

நந்தா! டூரண்ட் கோப்பை ஃபுட்பால், அறுபதாவது நிமிடம். வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி, இடது காலால் ஒரு சுழற்று. கோல்கீப்பர் விஷால் கைத் பாய்ந்தும் பலனில்லை. ஈஸ்ட் பெங்கால் 1, மோகன் பகான் 0. கொல்கத்தாவின் இந்த இரண்டு பரம வைரிகள் மோதும் டெர்பியில் நாங்கள் ஜெயித்து நாலரை வருடம் ஆகிறது.

கீழ்வீட்டுப் பெரியவர், நான் மேஷோ என்று கூப்பிடுபவர், மாடிப்படி ஏறக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. ஏறி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். 'உங்க ஊர்ப் பையன்! உங்க ஊர்ப் பையன்!' என்னவோ நானே கோல் போட்டது மாதிரி. சென்னையிலிருந்து வந்து பதினோரு வருடத்தில் இந்தத் தெரு என்னை இவ்வளவு மரியாதையாகப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 13

ஜாதவ்பூர் சந்தை. இலிஷ் மீன் கிலோ ஆயிரத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இலிஷ், மோகன் பகான் ஜெயித்தால் இறால். இந்த ஊரில் ஆட்ட முடிவை மீன்கடைத் தட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். மீன்காரர் நந்தா பெயரைச் சொல்லி ஐம்பது ரூபாய் குறைத்தார். சைவக்காரன் நான், மேஷோவுக்காக வாங்கினேன்.

ஷேவ் செய்யும்போது மறுபடியும் கை அங்கேயே போயிற்று. பட்டாணி அளவு என்று நினைத்திருந்தேன். பட்டாணி இல்லை.

ஆகஸ்ட் 16

1980-இல் இதே நாள், ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் டெர்பி பார்க்கப் போனவர்களில் 16 பேர் நெரிசலில் செத்துப் போனார்கள். மேஷோ அன்று அந்தக் கூட்டத்தில் இருந்தவர். ஒரு செருப்போடு வீடு திரும்பினாராம். அதற்கு மேல் ஒருபோதும் சொன்னதில்லை, இன்றும் சொல்லவில்லை.

இந்த நாளில் வருடா வருடம் ரத்ததானம் செய்வேன். இந்த வருடம் போகவில்லை. கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன்.

ஆகஸ்ட் 24

சின்ன வேலைதான். தையல் இரண்டு. ஆபீஸ் எதிர் மேசைக்காரர் துணைக்கு வந்தார். பரம்பரை மோகன் பகான்காரர், மோகன் பகான் 1911-இல் ஜெயித்த ஷீல்டை இவர் தாத்தாவே போய்த் தூக்கி வந்ததுபோலப் பேசுவார். இன்று வழி முழுக்க ஃபுட்பால் பேச்சே எடுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

முடிவு வாங்க செப்டம்பர் 4, திங்கள்கிழமை வரச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 25

கோகுலம் கேரளாவை 2-1. அரையிறுதி. தையல் இழுக்கிறது.

ஆகஸ்ட் 27

மோகன் பகான் மும்பையை 3-1. எதிர் மேசைக்காரர் இறால் படம் அனுப்பினார். அப்பாடா, பழையபடி ஆகிவிட்டார்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

இதை எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நார்த் ஈஸ்ட் முதல் பாதியில் ஒன்று, ஐம்பத்தேழாவது நிமிடத்தில் இன்னொன்று. 0-2. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போக ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். மனசுக்குள் மிகத் தெளிவாக, வாக்கியமாகவே சொன்னேன்: இதை ஜெயித்தால் திங்கள்கிழமை ஒன்றும் இருக்காது.

சொன்ன நொடியே திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. இப்படிப்பட்ட பேச்சுக்கு ரத்து கிடையாது போல. நாற்பத்தேழு வயது, கணக்குப் பிரிவில் வேலை, ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவன். இத்தனை பேரும் பதினொரு பையன்களுக்காகக் கத்திக்கொண்டிருக்க, நான் மட்டும் என் கழுத்துக்காகக் கத்தினேன். எழுபத்தேழாவது நிமிடம் மகேஷ், 1-2. அப்புறம் எதுவுமே இல்லை. தொண்ணூறு. கூடுதல் நேரம். தொண்ணூறும் ஏழும் ஆகும்போது நந்தா தலையால் முட்டினான்.

பெனால்ட்டிகளில் நான் மைதானத்தையே பார்க்கவில்லை. முன்வரிசையில் தோளில் உட்கார்ந்திருந்த குழந்தையின் முகத்தைப் பார்த்தே எண்ணிக்கொண்டேன். 5-3.

வீட்டுக்கு வந்து மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 30

சரி, ஜெயித்தாயிற்று. பேச்சுப்படி விஷயம் முடிந்தது. இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 31

நிறுத்தவில்லை. மோகன் பகான் கோவாவை 2-1 வென்று இறுதிக்கு வந்துவிட்டது. எதிரில் அவர்கள் என்றால் அரையிறுதிக் கணக்கு எப்படிச் செல்லும்? அது வெறும் முன்பணம். ஞாயிறு இறுதி, திங்கள் கவர். நடுவில் ஒரே ஒரு ராத்திரி.

மேஷோ கணக்குச் சொன்னார். டூரண்ட் கோப்பை இரண்டு பேரிடமும் பதினாறு பதினாறு. இருவரும் இறுதியில் கடைசியாக மோதியது 2004, ஈஸ்ட் பெங்கால் 2-1. பத்தொன்பது வருடம். என் ரசீது எண்ணும் 16-இல்தான் முடிகிறது. நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. 16 ஆகஸ்ட், 16 பேர்.

செப்டம்பர் 1

மைதானத்தில் டிக்கெட் வரிசை. மூன்று மணி நேரம், குதிரைப் போலீஸ், மழை, மறுபடி வெயில். முன்னால் நின்ற பையன் ஒரு மணி நேரம் 1975-இல் மோகன் பகானுக்கு நாங்கள் போட்ட ஐந்து கோல் பற்றியே பேசினான். அவன் அப்பாவே அப்போது பிறந்திருப்பாரா என்பது சந்தேகம்.

ராத்திரி ஊரிலிருந்து மனைவி போன். 'என்னங்க, குரல் என்னமோ மாதிரி இருக்கு, தொண்டை கட்டியிருக்கா?' கத்தியதால் என்றேன். பொய் இல்லை. வீடியோவில் வரச் சொன்னாள். சார்ஜ் இல்லை என்றேன். அது பொய்.

செப்டம்பர் 2

தூக்கமில்லை. ஒரு யோசனை: டூரண்டில் ஜெயிப்பவர்களுக்கு ஒன்றல்ல, மூன்று கோப்பை. டூரண்ட் கோப்பை, சிம்லாக்காரர்கள் 1904-இல் கொடுத்தது, ஜனாதிபதி கோப்பை. மூன்றையும் ஒருவருக்கே ஏன் தூக்கிக் கொடுக்கிறார்கள்? தோற்றவனுக்கு ஒன்றைத் தந்தால் குறைந்தா போய்விடும்?

விடிகாலை மூன்று மணிக்கு இது மிகப்பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

செப்டம்பர் 3, ஞாயிறு

மதியம் ஒன்றரைக்கே கிளம்பினேன். ஜாதவ்பூரில் லோக்கல் ரயில் முழுக்க சிவப்பும் மஞ்சளும். பைபாஸில் லாரி லாரியாகக் கொடிகள். பந்து உருளும் வரை கழுத்து நினைவே வரவில்லை. இரண்டு வாரத்தில் இதுதான் முதல் தடவை.

முதல் பாதியில் எழுத ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் பயந்து பயந்து ஆடினார்கள். டெர்பி இறுதி எப்போதும் இப்படித்தான், தோற்காமல் இருந்தால் போதும் என்று.

அறுபத்திரண்டாவது நிமிடம். அனிருத் தாபாவின் கால் உயரப் போயிற்று. இரண்டாவது மஞ்சள். சிவப்பு.

அதன் பிறகு ஒன்பது நிமிடம். இந்த ஒன்பது நிமிடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும், ஆனால் எப்படி எழுதுவது? அவர்கள் பத்துப் பேர், நாங்கள் பதினொன்று. கவர் பிரிந்து உள்ளே இருந்த காகிதத்தில் 'ஒன்றுமில்லை' என்று நானே படித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஆள் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார், வாங்கித் தின்றேன். அடுத்த வருடத்துக்குத் திட்டம் போட்டேன். மகளுக்கு சைக்கிள். பாத்ரூம் குழாய். ஊருக்கே மாற்றல் கேட்பது. நந்தா ஓரத்தில் பந்தை வாங்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து, முழங்கால் இன்னும் வலிக்கிறது.

எழுபத்தொன்று. பெட்ராடோஸ். பந்தைக் கொண்டு வந்தான், யாரும் போய் மறிக்கவில்லை, இடது காலால் அடித்தான். எங்கள் கோல்கீப்பர் கில்லுக்கு எட்டவில்லை. நான் அப்போது பொட்டலத்தின் அடியில் உப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கினால் எதிர்ப்பக்கம் முழுக்கப் பச்சையும் மெரூனும் எழுந்து நிற்கிறது.

1-0. அதோடு சரி. பத்துப் பேரை வைத்துக்கொண்டு ஜெயித்தார்கள். பதினேழு.

திரும்பி நடந்து வந்தேன், எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. வழியெல்லாம் ஓட்டை தேடினேன். அரையிறுதியில்தானே முதல் பேச்சு, அதில் ஜெயித்தோமே. இறுதிக்கென்று வாக்கியமாக எதையும் சொல்லவில்லையே. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது நந்தாவுக்குத்தானே, அதைப் பாதி வெற்றி என்று எடுத்துக்கொள்ளக் கூடாதா? இதையெல்லாம் யாரிடம் வாதாடுகிறேன் என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தில் யாரும் இல்லை. கழுத்துக்கு ஃபுட்பால் தெரியாது.

மேஷோ வீட்டில் விளக்கு அணைந்திருந்தது. தட்டவில்லை.

எதிர் மேசைக்காரரிடமிருந்து ஒரே ஒரு செய்தி: காலை எட்டரை. இறால் படம் இல்லை.

செப்டம்பர் 4, திங்கள்

டோக்கன் 23. எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் இதற்கு ஓர் அர்த்தமும் கிடைக்கவில்லை.

அவர் எனக்கு முன்பே வந்து நாற்காலி பிடித்து வைத்திருந்தார். பச்சை மெரூன் சட்டை போடவில்லை. ஏன் என்று கேட்டேன். துவைக்கப் போட்டிருக்கிறேன் என்றார். முகம் தூங்கியதாகத் தெரியவில்லை. அவர்கள் தெருவில் விடிய விடியப் பட்டாசு வெடித்திருப்பார்கள்.

19 கூப்பிட்டாயிற்று.