கெர்னல் பார்க்காத எண்

"அதக் கெர்னல் பாக்கவே பாக்காது தம்பி, எதக் குடுத்தாலும் ஒண்ணுதான்" என்றேன், பக்கத்து நாற்காலியில் நிரல் எழுதிக்கொண்டிருந்த பையனிடம். "சரிக்கா" என்று அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். அரை நிமிடம்கூட ஆகாத அந்தப் பேச்சு இன்னும் என்னை விடவில்லை.

அவன் கேட்டது ஈபோல் கிரியேட் என்ற சிஸ்டம் காலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் நிரல் வேலை கேட்கும் அழைப்புக்கு, நாம் கொடுக்கும் ஒரே ஆர்குமென்ட்டை, உள்ளீட்டு மதிப்பைப் பற்றி. எத்தனை இணைப்புகளைக் கவனிக்கப் போகிறோம் என்று கெர்னலுக்கு முன்கூட்டியே சொல்லி, அதற்கேற்ப நினைவகத்தை ஒதுக்க வைப்பதற்காக ஏற்பட்ட எண் அது. லினக்ஸ் 2.6.8 முதல் கெர்னல் தேவையைப் பார்த்துத் தானே ஒதுக்கிக்கொள்வதால் அந்த எண்ணுக்கு வேலை போய்விட்டது. ஆனாலும் அது பூஜ்ஜியத்தைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். புதிய நிரல் பழைய கெர்னலில் ஓட நேர்ந்தால் சிக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அந்தச் சோதனையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். லினக்ஸின் விளக்கக் குறிப்பான மேன் பேஜில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. அதைப் பார்த்து எங்கள் அலுவலகக் கையேட்டைத் தமிழில் எழுதியவள் நான். "2.6.8 முதல் இது பொருட்படுத்தப்படுவதில்லை" என்று எழுதி, பூஜ்ஜியத்தைப் பற்றிய அடுத்த வரியையும் எழுதி, வாசித்துப் பார்த்து அந்த இரண்டாவதை அடித்துவிட்டேன். மறதியால் அல்ல, செத்த ஆர்குமென்ட்டுக்கு இரண்டு வரி எதற்கு என்று தோன்றியது.

நிரல் தொடங்கும்போது எத்தனை எடை மெஷின்கள் இணைந்திருக்கின்றனவோ, அந்த எண்ணிக்கையை அவன் அங்கே கொடுத்திருந்தான். எங்கள் மேசையில் எப்போதும் மூன்று மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். கடற்கரையில் மீன் ஏலக் கூடத்திலோ, விடியுமுன் முதலில் நிரல் ஓடும் பெட்டியைத்தான் இயக்கினார்கள். மெஷின் ஒன்றுகூட அப்போது ஓடவில்லை. எண்ணிக்கை பூஜ்ஜியம். 'இன்வேலிட் ஆர்குமென்ட்' என்று ஒரு வரி எழுதிவிட்டு நிரல் நின்றுவிட்டது. அன்றைய ஏலம் முழுவதும் எடையை நோட்டில் எழுதியிருக்கிறார்கள்.

மறுநாள் கூட்டத்தில், "நான் மேன் பேஜப் பாத்திருக்கணும்" என்று அவனே சொன்னான். நான் மறுக்கவில்லை. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. அந்த ஆர்குமென்ட்டையே நீக்கிய ஈபோல் கிரியேட்1 லினக்ஸ் 2.6.27-லேயே வந்துவிட்டது, அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அவன் மேன் பேஜைத் திறக்காததற்குக் காரணம், பக்கத்து நாற்காலியில் நான் இருந்ததுதானே?

எங்கள் வீட்டு மூலப் பத்திரம் திருவிதாங்கூர் காலத்தது. தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும். 1956-இல் இந்தக் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு பத்திரத்தில் அப்படி யார் எழுதுகிறார்கள்? ஆனாலும் ஆங்கில ஆண்டு தெரிய அதோடு 825-ஐக் கூட்டிப் பார்க்காமல் எந்த வக்கீலும் அந்தப் பத்திரத்தை மூடிவைத்ததை நான் பார்த்ததில்லை. அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தான் அந்த வரியை அடித்தேன்.

வழக்கொழிந்தது என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டதும் தவறோ என்று இப்போது நினைக்கிறேன். கோப்பு முறைமையை இணைக்கும் மவுன்ட் காலில் 2.4-க்கு முந்தைய கெர்னல்கள் கட்டாயம் கேட்ட மந்திர எண்ணை இன்று கொடுத்தாலும் ஒன்றுதான், கொடுக்காவிட்டாலும் ஒன்றுதான். நேரம் கேட்கும் கெட்டைம்ஆஃப்டே காலின் நேர மண்டல ஆர்குமென்ட்டும் வழக்கொழிந்ததுதான், ஆனால் அங்கே 'நல்' என்ற வெற்று மதிப்பைக் கொடுப்பதே முறை. ஈபோல் கிரியேட்டில் உள்ளது பிணம் போலக் கிடந்து கடிக்கிறது. இவற்றையெல்லாம் விளக்கப் புகுந்தால் கையேடு யாரும் திறக்காத தடிப் புத்தகமாகிவிடும் என்ற என் பழைய வாதமும் இன்னும் செத்துவிடவில்லை.

அடித்த வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். போன வாரம், எந்தச் சிபியூவில் ஓடுகிறோம் என்று கேட்கும் கெட்சிபியூவின் மூன்றாவது ஆர்குமென்ட்டுக்கு வந்தபோது, அது 2.6.24 முதல் பயனற்றது என்பதையும் காரணத்தையும் எழுதிப் பார்த்துவிட்டு, "நல் கொடுக்கவும்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டேன். அவன் இப்போதெல்லாம் என்னிடம் எதையும் கேட்பதில்லை, கெர்னல் மூலநிரலையே திறந்து பார்த்துக்கொள்கிறான்.